ஒரு நாள் பேரும் ஒரு பொம்மை மீனும்

கடல் எங்களுக்கு முதல்ல வாசமாத்தான் வந்தது. சம்பளக் கெழம கந்தப்பளை டவுன்ல வாங்குற கருவாடு, பேப்பர்ல சுத்தின நெத்தலி, லயத்து வாசல்ல ஹோன் அடிக்கிற மீன்காரரோட ஐஸ் பெட்டி. ஆறாயிரம் அடிக்கு மேல ஏறி வர்றதுக்குள்ள மீனோட கண்ணு வெள்ளையாகிடும். அதுதான் மீனோட நிறம்னு நெனச்சி வளந்தவங்க நாங்க.

எங்கள்ல ரெண்டு பேர் முதல் தடவையா கடலப் பாத்தது 2023இல். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருசம் ஆனதை நெனச்சி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்தப் பயணம் கெளம்புறதைப் பாக்கப் போனப்ப. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் இறங்குன கரை. எல்லாரும் அழுதாங்க. நாங்களும் அழுதோம். ஆனா உண்மையச் சொன்னா, அழுதுக்கிட்டே ஒரு ஓரத்துல கரையில நின்னு தூண்டில் வீசுற ஒரு பையனையும் பாத்துக்கிட்டு இருந்தோம். நீளமான ரொட். ஒரு வீச்சுல வெள்ளியா ஏதோ ஒன்னு பறந்துபோய் எங்கேயோ விழுந்துச்சி. புழு இல்ல, இறால் இல்ல, வெறும் இரும்புத் துண்டு. அதக் காட்டி மீனை ஏமாத்துறான். அந்த ஏமாத்து வேலை எங்க மண்டைக்குள்ள உக்காந்துருச்சி.

ஓடையில மூங்கில் குச்சி, தங்கூசி, மண்புழுன்னு கெண்டை புடிச்ச ஆளுங்கதான் நாங்க எல்லாரும். பொய் இரை போட்டு மீன் புடிக்கிறது எங்க பக்கத்துக்குப் புதுசுன்னும் சொல்ல முடியாது. இங்கிலீஷ் தொரைமாருங்க 19ஆம் நூற்றாண்டிலேயே அவங்க ஊர்லேர்ந்து ட்ரவுட் மீனைக் கொண்டாந்து நுவரெலியா ஓடைகள்லயும் ஹோட்டன் சமவெளியிலயும் விட்டாங்க. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செஞ்ச தூண்டிலால அதைப் புடிச்சாங்க. விளையாட்டு அவங்களுக்கு, பையைத் தூக்குற வேலை நமக்குன்னு இருந்த காலம் அது. அதனால நாங்க ஆறு பேர் சேந்து "கடலுக்குப் போய் பொம்மை மீன் போடுவோம்"னு முடிவெடுத்ததுல கொஞ்சம் வீம்பும் இருந்துச்சி.

எங்கள்ல ஒருத்தனுக்கு நாங்க வச்ச பேரு கடைக்காரன். ஓ/எல் முடிச்ச கையோட கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில தூண்டில் சாமான் விக்கிற கடையொன்னுல மூணு வருசம் நின்னவன். எந்த ரீலுக்கு எத்தன பெயாரிங், எந்த நூலு எத்தன கிலோ தாங்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். ஆனா அந்த மூணு வருசத்துல ஒரு மீன் கூட அவன் கடல்லேர்ந்து புடிச்சதில்ல. ஞாயித்துக் கெழம லீவுல போறதுக்குக் காசு இல்ல, ரொட் இல்ல, கூட்டிப்போக ஆள் இல்ல. தேயிலை பறிக்கிறவங்களுக்கு நல்ல தேயிலை கிடைக்காத மாதிரிதான் இதுவும்.

ஆளுக்கு 4,500 போட்டு 27,000 ரூபாய் சேத்தோம். எங்க வீடுகள்ல காசுக் கணக்கு எப்பவும் ரூபாயில போறதில்ல, பேருலதான் போகும். ஒரு முழு நாள் வேலை செஞ்சா ஒரு பேரு. 2024 செப்டம்பருக்கு அப்புறம், நாங்க காசு சேத்த காலத்துல, அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயா இருந்துச்சி. அப்படிப் பாத்தா 27,000ங்கிறது இருவது பேரு. ஒரு அம்மா கிட்டத்தட்ட ஒரு மாசம் மலையில நின்னாத்தான் அது. இந்தக் கணக்கு தலையில ஓடிக்கிட்டு இருந்ததாலதான் ஒவ்வொரு சாமானையும் அவ்வளவு சண்டை போட்டு வாங்குனோம். அந்தச் சண்டையில கத்துக்கிட்டதை இங்க சொல்றோம். கடலுக்குப் போக நெனைக்கிற மலைப் பிள்ளைங்களுக்கு உதவும்.

முதல் சண்டை ரொட்டுக்கு. கரையிலேர்ந்து வீசணும்னா 12 அடி, 13 அடி ரொட்தான் வேணும்னு ரெண்டு பேர் நின்னாங்க. கடைக்காரன் ஒத்துக்கல. அந்த நீள ரொட் ஈயக்குண்டோட இரையை வீசிட்டு, மணல்ல குத்தி வச்சிட்டு, காத்திருக்கிறதுக்கு. பொம்மை மீன் போடுறவன் காத்திருக்க மாட்டான். ஒரு காலையில நூறு, இருநூறு தடவை வீசணும், இழுக்கணும். 13 அடி ரொட்டோட அரை மணி நேரத்துல தோள் போயிடும். 9லேர்ந்து 10 அடி போதும்னான். அதவிட முக்கியம், ரொட் கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கிற எடை. எங்க ரொட்டுல 15–40 கிராம்னு இருந்துச்சி. அந்த எடைக்குள்ள உள்ள பொம்மையைத்தான் அந்த ரொட் ஒழுங்கா எறியும். 8 கிராம் பொம்மையைக் கட்டுனா ரொட் வளையாது, அதனால தூரம் போகாது. 80 கிராமைக் கட்டுனா ரொட்டே ஒடியும். முதல்ல ரொட், அதுக்கு ஏத்த பொம்மை. நாங்க ஆசைப்பட்டு முதல்ல பொம்மையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.

ரீலு 4000 சைஸ். ஷிமானோ, டாய்வா மாதிரி ஜப்பான் கம்பெனிப் பேரெல்லாம் கனவுலதான். புதுசா வாங்க முடியாது. ரொட்டும் ரீலும் சேத்து செக்கண்ட்ஹேண்டுல 14,500க்கு எடுத்தோம். நூலுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்னு கடைக்காரன் அழுத்திச் சொன்னான். தங்கூசிக்குப் பதிலா பின்னல் நூலு. அதே பலத்துக்குத் தங்கூசியைவிட ரொம்ப மெல்லிசு. மெல்லிசா இருந்தா காத்து கம்மியாப் புடிக்கும், தூரம் போகும். அது இழுபடவும் செய்யாது, மீன் தொட்டா அந்த நொடியே கைக்குத் தெரியும். ஆனா பாறையிலயோ சிப்பியிலயோ உரசுனா பட்டுனு அறுந்துரும். அதனால முனையில ஒரு பாகம் தடிச்ச தங்கூசியைக் கட்டணும். ரெண்டையும் சேக்குற முடிச்சு வளையத்துக்குள்ள சிக்காம வழுக்கிப் போகணும். அந்த ஒரு முடிச்சைக் கத்துக்க எங்களுக்கு மூணு ராத்திரி போச்சி. லயத்துல கரண்டு போன ஒரு ராத்திரி, போன் வெளிச்சத்துல ஆறு பேரும் கட்டி, இழுத்து, அறுத்து, மறுபடியும் கட்டிக்கிட்டு இருந்தோம். பக்கத்து வீட்டு பாட்டி வந்து பாத்துட்டு, "என்னாடா, பூ கட்டுறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்புறம்தான் பொம்மைங்க. நாலே நாலு வாங்குனோம்.

முதலாவது மெட்டல். மீன் வடிவத்துல வார்த்த உலோகத் துண்டு, 30 கிராம், 950 ரூபாய். அந்த மாதிரி ரெண்டு. பாக்க அழகே இல்ல. ஆனா கரையிலேர்ந்து எறியறதுல இதுதான் ராஜா. சின்னதா, கனமா இருக்கிறதால எதிர்காத்துலயும் போகும். விழுந்த உடனே தாழும். வேகமா இழுத்தா, பயந்து ஓடுற நெத்தலி மாதிரி தெரியும்.

ரெண்டாவது மினோ. உடம்பு பிளாஸ்டிக், வாய்க்குக் கீழ ஒரு சின்ன தட்டு. அந்தத் தட்டுதான் தண்ணியைத் தள்ளி பொம்மையைக் கீழ முங்க வைக்கும், உடம்பை ஆட வைக்கும். தட்டு பெருசாவும் சரிவாவும் இருந்தா ஆழமாப் போகும், சின்னதா இருந்தா மேலாகவே நீந்தும். கரைக்குப் பக்கத்துல ஆழம் கம்மி, அதனால சின்ன தட்டு. இது 2,700 ரூபாய். ரெண்டு பேரு!

மூணாவது பொப்பர். வாய் கிண்ணம் மாதிரி குழிஞ்சி இருக்கும், இழுத்தா "ப்ளக் ப்ளக்"னு தண்ணியத் துப்பும். 1,800 ரூபாய். இது யாருக்கும் தேவையில்லாம, எல்லாருக்கும் புடிச்சிப்போய் வாங்குனது. கடைக்காரன் அப்பவே சிரிச்சான். "கடைக்கு வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேரு மீனுக்குப் புடிச்ச நிறத்தை வாங்குறதில்ல, அவனுக்குப் புடிச்ச நிறத்தைத்தான் வாங்குவான்."

நிறத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. தெளிஞ்ச தண்ணியில வெள்ளி, நீலம் மாதிரி உண்மையான மீன் நிறம். கலங்குன தண்ணியில பளிச்சுனு கிளிப்பச்சை, தங்கம். விடியுறதுக்கு முன்னாடி கருத்த நிறம், ஏன்னா கீழேயிருந்து மேல பாக்குற மீனுக்கு வானத்து வெளிச்சத்துல நிழல்தான் தெரியும். ஆனா நிறத்தவிட அளவு முக்கியம். அந்த நேரம் கரையில நெத்தலி திரிஞ்சா நெத்தலி அளவு, சாளை திரிஞ்சா சாளை அளவு.

இந்த மினோ கதைய தேடிப் படிச்சப்ப எங்களுக்கு ஒரு ஆறுதல் கிடைச்சது. ரபாலாங்கிற பேரு இன்னிக்கு உலகம் பூரா விக்குது. அதை ஆரம்பிச்ச லௌரி ரபாலா பின்லாந்துல ஒரு ஏழை மீனவர். பெரிய மீன் எதைத் துரத்துதுன்னு படகுல உக்காந்து பாத்திருக்கார். கூட்டத்துல எல்லாம் ஒழுங்கா நீந்துறப்ப, அடிபட்டுக் கோணலா ஆடுற ஒன்னைத்தான் அது குறி வைக்குது. 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்துன ஈயத்தாளை ஒட்டி, போட்டோ பிலிமை உருக்கி மேல பூசி, அந்தக் கோணல் ஆட்டத்தை செஞ்சிட்டார். அவருகிட்ட இருந்தது குப்பையும் கண்ணும்தான். அதப் படிச்ச அன்னிக்கே நாங்களும் ஒரு தேக்கரண்டியோட காம்பை வெட்டி, ஓட்டை போட்டு, கொக்கி மாட்டி அஞ்சாவது பொம்மையை செஞ்சோம். செலவு பூச்சியம். வீட்டுல கரண்டியக் காணோம்னு திட்டு வாங்குனது தனி.

2025 சித்திரை லீவுல மட்டக்களப்புக்குப் போனோம். கிழக்குக் கரையில வாடைக்காத்து மழை ஓஞ்சி, சித்திரையிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும். நுவரெலியா வந்து, வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா, செங்கலடின்னு மலை முழுக்க இறங்கணும். கந்தப்பளையில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஏறி, பதுளையில அதைக் கழட்டி, செங்கலடியில சட்டையே பாரமாகிப் போச்சி. ரொட்டை பஸ்ல வைக்க இடமில்லாம ஆறு பேரும் மாத்தி மாத்தி மடியில வச்சிக்கிட்டு வந்தோம்.

மறுநாள் அஞ்சு மணிக்கே கல்லடிக் கரையில நின்னோம். முதல் காலை பத்தி நீட்டிச் சொல்ல ஒன்னுமில்ல. பொப்பரை அலை உடையுற இடத்துல போட்டு இழுத்தோம். நுரைக்குள்ள அது துப்புன சத்தம் எங்களுக்கே கேக்கல, மீனுக்கு எங்க கேக்கும்? எதிர்காத்துல மினோ பத்தடி போய் திரும்பி விழுந்துச்சி. தேக்கரண்டி சும்மா பம்பரமா சுத்தி நூலை முறுக்கி, கடைசில ரீலுக்கு மேல ஒரு குருவிக்கூடு உருவாச்சி. அதைப் பிரிக்கவே ஒரு மணி நேரம். ரெண்டு மெட்டல்ல ஒன்னு நாங்க கட்டுன அந்த "பூ" முடிச்சு அவுந்து கடலுக்குள்ளயே போயிருச்சி.

அந்தப் பக்கம் கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தவங்கள்ல ஒரு பெரியவர் எங்களையே பாத்துக்கிட்டு இருந்தார். வலை ஏறுன பிறகு வந்தார்.

"எங்க இருந்து வாறீங்க?"

"நுவரெலியா பக்கம், கந்தப்பளைங்க ஐயா."

"ஆ... தேயிலைக்காரப் பிள்ளையள்." எங்க பெட்டியத் திறந்து ஒவ்வொன்னா எடுத்துப் பாத்தார். மினோவைக் காதுகிட்ட வச்சி ஆட்டி உள்ள இருக்கிற குண்டுச் சத்தத்தைக் கேட்டார். "சாமான் நல்ல சாமான்தான் மனே. ஆனா நீங்க கடையப் பாத்திட்டு வந்திருக்கீங்க, கடலப் பாக்கல்ல."

அப்புறம் எங்களை மணல் மேட்டுல ஏத்தி நிக்க வச்சி, ஒரு மணி நேரம் ஒரு தூண்டில் கூட வீச விடாம தண்ணியக் காட்டுனார். அலை எங்க வெள்ளையா உடையுதோ அங்க கீழ மணல் திட்டு, ஆழம் இல்ல. ரெண்டு வெள்ளைக்கு நடுவுல அலையே உடையாம, கொஞ்சம் கருத்து, நுரை வெளிப்பக்கமாப் போய்க்கிட்டு இருக்கிற இடம்தான் வாய்க்கால். சின்ன மீன் அது வழியாப் போகும், வரும். பாரையும் கட்டாவும் அதோட ஓரத்துல நின்னுக்கிட்டு இருக்கும். நடுவுல போடக்கூடாது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு ஓரமா இழுத்துட்டு வரணும். குருவி கூட்டமா முங்குனா அங்க. கரையோரத்துல சின்ன மீன் மழைத்துளி மாதிரி துள்ளுனா அங்க. விடியுற நேரம், பொழுது சாயுற நேரம். மத்த நேரம் தூங்குங்க. மழைக்காலத்துல வாவி பெருகி முகத்துவாரம் வெட்டிக்கிட்டுப் பாயுறப்ப அங்க கொடுவா நிக்கும், ஆனா அது உங்களுக்கு வேணாம்னார்.

அடுத்த நாள் காலையில அந்த வாய்க்காலுக்குத்தான் போனோம். மீதி இருந்த ஒரே மெட்டல். முடிச்சை மூணு பேரு சரிபாத்தோம். எட்டாவது வீச்சோ ஒம்பதாவதோ, பாதி தூரம் வேகமா இழுத்துக்கிட்டு வர்றப்ப ரொட் நின்னுருச்சி. கல்லுல மாட்டிக்கிச்சின்னு நெனச்ச நேரம், முப்பது மீட்டருக்கு அப்பால வெள்ளித் தகடு மாதிரி ஒன்னு தண்ணிய விட்டு மேல எழும்பித் துள்ளுச்சி. கட்டா. ரீல் கத்துற சத்தத்தை அன்னிக்குத்தான் கேட்டோம். ஒன்னரைக் கிலோ இருக்கும். மணல்ல கெடந்த அதோட கண்ணு கண்ணாடி மாதிரி, தெளிவா, கருப்பா இருந்துச்சி. மீன் கண்ணு வெள்ளை இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

அந்த சந்தோசத்துலதான் தப்பு நடந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் வீசணும்னு எங்கள்ல ஒருத்தன் இடுப்பளவு தண்ணிக்கு இறங்கிட்டான். திரும்புற அலையில காலுக்குக் கீழ இருந்த மணல் அப்படியே உருவிக்கிட்டுப் போச்சி. நெஞ்சு வரைக்கும் முங்கி, கைல ரொட்டை மட்டும் மேல தூக்கிக்கிட்டு, வெளிப்பக்கமாப் போக ஆரம்பிச்சான். நாங்க அஞ்சு பேரும் கரையில நின்னு கத்துறோம். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. பெரியவரும் இன்னொரு அண்ணனும்தான் ஓடி வந்து பக்கவாட்டா இறங்கி அவன் சட்டையப் புடிச்சி இழுத்தாங்க. எல்லாம் ஒரு நிமிசம்தான். அவன் ரொட்டைக் கடைசி வரைக்கும் விடல.

பெரியவர் கன்னத்துல ஒன்னு வச்சார். அப்புறம்தான் பேசுனார். "மீன் நிக்கிற வாய்க்கால்தான் மனே ஆளையும் இழுக்குற வாய்க்கால். இழுத்தா கரையப் பாத்து நீந்தாத. கரைக்கு ஒத்தாப்போல பக்கவாட்டுக்குப் போ, அலை உடையுற இடத்துக்கு வந்தா அதுவே கொண்டுவந்து போடும். நீந்தத் தெரியாட்டி முழங்காலுக்கு மேல தண்ணி பாக்காத." கை நீட்டி நாவலடிப் பக்கம் காட்டுனார். 2004 டிசம்பர் 26ஆம் தேதி அந்த மணல் துண்டுல எத்தனை வீடு இருந்துச்சி, அடுத்த நாள் என்ன இருந்துச்சின்னு அவர் சொல்லல. காட்டுனார், அவ்வளவுதான்.

"ரொட்டை ஏன்டா விடல?"ன்னு ராத்திரி கேட்டோம். "பதினோரு பேரு மச்சான்"னான். ரொட்டும் ரீலும் 14,500. வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட சரியா வரும். யாருமே சிரிக்கல.

அன்னிக்கு சாயங்காலம் பெரியவர் வீட்டுல அந்தக் கட்டாவை சமைச்சாங்க. நாங்க கொண்டு போயிருந்த தேயிலைத் தூளைக் குடுத்தோம், தோட்டத்துல மாசாமாசம் குடுக்குற தூள். குடிச்சிட்டு, "நல்ல கொழுந்து எல்லாம் எங்க போகுது?"ன்னு கேட்டார். கொழும்பு ஏலத்துக்குப் போகும், அங்கேயிருந்து வெளிநாட்டுக்குன்னோம். "இங்கயும் அப்படித்தான். பெரிய மீனும் இறாலும் நண்டும் ஐஸ்ல போட்டுக் கொழும்புக்குப் போயிரும்"னார்.

இதுல எங்களைக் குத்துன விசயம் ஒன்னு இருக்கு. முதல் நாள் காலையில அவங்க வலை இழுக்குறப்ப நாங்க போனை எடுத்து வீடியோ புடிச்சோம். கயித்துல சாஞ்சிக்கிட்டு, ஏலேலோ போட்டு, வேர்வை வழிய இழுத்துக்கிட்டு இருந்தவங்களை. கேக்கக்கூட இல்ல. நம்ம மலைக்கு வேன்ல வந்து இறங்கி, கூடையோட நிக்கிற அம்மாமாரை ஒரு சொல்லு கேக்காம போட்டோ எடுத்துட்டுப் போறவங்களைப் பத்தி இதே பக்கத்துல எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்? ஒரு ரொட் கைக்கு வந்து ஒரு நாள் ஆகல, நாங்களும் வேன்ல வந்தவங்களாகிட்டோம். அவங்க வயித்துக்கு இழுக்குற கடல்ல நாங்க விளையாட வந்திருக்கோம்ங்கிறது மறந்து போச்சி. அந்த வீடியோவை எல்லாரும் அழிச்சிட்டோம். விளையாடுறது தப்புன்னு சொல்ல வரல. நம்ம பிள்ளைங்களுக்கும் விளையாட்டு வேணும். ஆனா வலை இழுக்குற இடத்துல தூண்டில் போடக்கூடாது, அறுந்த நூலை மணல்ல விட்டுட்டு வரக்கூடாது, கூப்பிட்டா கயித்துல ஒரு கை புடிக்கணும். மூணாவது நாள் புடிச்சோம். உள்ளங்கை தோல் உரிஞ்சி போச்சி.

அதே மூணாவது நாள் மினோவை ஒரு சீலா வெட்டிக்கிட்டுப் போயிருச்சி. சீலாவுக்குப் பல்லு கத்தி. எவ்வளவு தடிச்ச தங்கூசியும் நிக்காது, பொம்மைக்கு முன்னாடி ஒரு சாண் கம்பி கட்டணும். கம்பி பெட்டிக்குள்ளதான் இருந்துச்சி. ரெண்டு பேரு போச்சி. அந்த மீன் வாயில எங்க கொக்கி இருக்கேங்கிறது அதவிட உறுத்துச்சி.

இனி போறவங்களுக்கு சுருக்கமா: 30 கிராம் மெட்டல் மூணு வாங்குங்க, மினோ ஒன்னு போதும், பொப்பரை அடுத்த வருசத்துக்கு வைங்க. கரண்டி செஞ்சா அதுக்கு முன்னாடி சுத்துற கண்ணி ஒன்னு கட்டுங்க, நூலு முறுக்காது. மூணு முள்ளுக் கொக்கிக்குப் பதிலா ஒத்தை முள்ளு மாட்டுனா மீனையும் உங்க விரலையும் கழட்டுறது லேசு. உப்புத் தண்ணி தொட்ட எல்லாத்தையும் அன்னிக்கே நல்ல தண்ணில கழுவுங்க. நாங்க ஊருக்கு வந்து கழுவலாம்னு விட்டோம். கந்தப்பளை ஈரத்துல ஒரே வாரத்துல கொக்கியெல்லாம் செவந்து போச்சி.

ரொட் இப்ப எங்கள்ல ஒருத்தன் வீட்டுல, கூரைக் கட்டைக்கு இடையில சொருகி இருக்கு. அவங்க அம்மா அண்ணாந்து பாத்து, "இது எத்தன பேருடா?"ன்னு கேட்டாங்க. "செக்கண்ட்ஹேண்டு மா"ன்னு மட்டும் சொல்லியிருக்கான். மறுபடியும் ஆளுக்குக் கொஞ்சம் சேக்க ஆரம்பிச்சிருக்கோம். இந்தத் தடவை அது பொம்மைக்கு இல்ல. நுவரெலியாவுல இல்லன்னா கண்டியில நீச்சல் சொல்லிக்குடுக்குற இடம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. ஆறு பேர் இருக்கோம்.